வாசகர் கேள்வி பதில்: ஏர் டூல்ஸை எங்க, எப்படி மாட்டி வைக்கறது?

இந்த மாசம் ஏர் டூல்ஸ், அதாவது கம்ப்ரசர் காத்துல ஓடற டூல்ஸ் பத்தின கேள்வி நிறைய வந்திருக்கு, அதுலயும் வாங்கறது பத்தி இல்ல, வாங்கினதை எங்க வைக்கறதுன்னு. எனக்கு ரொம்ப சந்தோஷம், ஏன்னா இந்த டூல்ஸ் வேலை செய்யறப்போ கெட்டுப்போறதை விட சும்மா கிடக்கறப்போ கெட்டுப்போறது தான் நான் அதிகமா பார்த்திருக்கேன். அதனால மத்த கேள்வி எல்லாம் அடுத்த மாசம், இப்போ இது மட்டும்.

கேள்வி: அண்ணே, எங்கிட்ட நட்டு போல்ட்டு கழட்டற இம்பாக்ட் கன் ரெண்டு, ஒரு ராட்செட், சின்ன கல்லு மாட்டி தேய்க்கற டை கிரைண்டர் ஒண்ணு, எமரி மாட்டி தேய்க்கற சாண்டர் ஒண்ணு இருக்கு. எல்லாம் பெஞ்ச் மேல ஒண்ணு மேல ஒண்ணா ஹோஸோட சிக்கிக்கிட்டு கிடக்கு. மிச்சம் கிடக்கற பிளைவுட்லயே ஏதாவது ஸ்டாண்ட் பண்ணிக்கலாமா?

பதில்: தாராளமா பண்ணலாம் தம்பி, கடையில கிடைக்கறதை விட நல்லாவே வரும், ஏன்னா உங்க டூலை அளந்து நீங்களே வெட்டப்போறீங்க. 18 எம்எம் பிளைவுட் எடுத்துக்கோங்க, அதுக்கு கீழ போகாதீங்க. சாதாரண 1/2 இன்ச் இம்பாக்ட் கன்னே ரெண்டு ரெண்டரை கிலோ வரும், அதை தினமும் பத்து தடவை எடுத்து எடுத்து வெச்சா மெல்லிசு பலகை நாளடைவுல வளைஞ்சிடும். ஒரு அடி அகலத்துக்கு ஒரு தட்டு வெட்டி, அதோட முன்பக்க ஓரத்துல இருந்து உள்ள போற மாதிரி நீளமா ஒரு காடி எடுக்கணும், துப்பாக்கி பிடி அந்த காடி வழியா கீழ தொங்கும், மேல் உடம்பு பலகை மேல உக்காந்துக்கும், மூக்கு சுவரைப் பார்த்து இருக்கும். காடி அகலம் எவ்வளவுன்னா, பிடியோட தடிமனை உடம்போட சேர்ற இடத்துல வெர்னியர் வெச்சு அளந்து அதுக்கு மேல 5, 6 எம்எம் விடுங்க. நேரா பிளைவுட்ல கை வைக்காதீங்க, முதல்ல அட்டைப்பெட்டி அட்டையில வெட்டி டூலை உள்ள விட்டு பாருங்க.

அப்படி விட்டு பாக்கறப்போ ஒரு விஷயத்தை குனிஞ்சு கவனிங்க. மூக்கு சுவர் பக்கம் போறதால ட்ரிக்கர் காடியோட உள் முனைக்கு நேரா வரும். காடியோட ஆழம் பத்தலைன்னா ட்ரிக்கர் போய் பலகையில முட்டிக்கிட்டு, ராத்திரி முழுக்க அமுங்கின மாதிரியே நிக்கும். ஹோஸ் கழட்டி இருக்கறதால டூல் ஓடாது தான், ஆனா காலையில யாராவது அப்படியே வெச்சு ஹோஸை மாட்டினா உடனே சுத்த ஆரம்பிச்சிடும். அதனால ட்ரிக்கருக்கும் பலகைக்கும் நடுவுல ஒரு விரல் நுழையற இடம் கண்டிப்பா வேணும். அப்புறம் தட்டை மட்டமா அடிக்காம சுவர் பக்கம் ஒரு பொட்டு தாழ்வா இருக்கற மாதிரி அடிங்க, பக்கத்துல யாராவது சுத்தியல் போட்டாலும் கன் முன்னாடி வழுக்கி வராது. சுவர்ல மாட்டறப்போ பூச்சோட நின்னுடாம செங்கல் வரைக்கும் போற ஆங்கர் போல்ட் தான் போடணும். உயரம் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவுல. 1 இன்ச் கன் மாதிரி கனமானது இருந்தா அதை தொங்கவிடவே விடாதீங்க, இடுப்பு உயரத்துல தனியா ஒரு தட்டு போட்டு படுக்க வைங்க.

ராட்செட்டும் டை கிரைண்டரும் நேரா குழாய் மாதிரி இருக்கறதால காடி வேண்டாம், பலகையில ஓட்டை போட்டு சொருகினா போதும். சாண்டரை மட்டும் பேடு, அதாவது தேய்க்கற அடித்தட்டு, கீழ படற மாதிரி எப்பவும் வைக்காதீங்க, டூலோட வெயிட் எல்லாம் பேடு மேல இறங்கி ஒரு பக்கம் அமுங்கிப்போயிடும், அப்புறம் தேய்க்கற இடத்துல வளையம் வளையமா கோடு விழும். அதோட கழுத்தை தாங்கற மாதிரி U வடிவ காடி வெட்டி பேடு அந்தரத்துல நிக்கற மாதிரி மாட்டுங்க.

இன்னொண்ணு, மறந்துடாதீங்க. அதே பலகையிலயே ஏர் டூல் ஆயில் பாட்டிலுக்கும் ஒரு ஓட்டை போட்டுடுங்க. பாட்டில் வேற அலமாரியில இருந்தா எவ்வளவு நல்ல மனுஷனும் எண்ணெய் விடமாட்டான், வேலை முடிச்ச களைப்புல அது நடக்காது. கை நீட்டற இடத்துல இருந்தா தானா நடக்கும்.

கேள்வி: எண்ணெய் விட்டு மாட்டினா கீழ எல்லாம் சொட்டுது சார். பெஞ்ச் மேல வெச்சிருக்கற பேப்பர், துணி எல்லாம் நாசமாகுது. எண்ணெயை குறைச்சுக்கலாமா?

பதில்: குறைக்க வேண்டாம், விடற முறையை மாத்துங்க. காத்து நுழையற வாயில நாலஞ்சு சொட்டு விட்டு, ஹோஸை திரும்ப மாட்டி ஒரு அஞ்சு பத்து செகண்டு லேசா ஓட விடணும், காத்து வெளிய வர்ற எக்ஸாஸ்ட் பக்கம் ஒரு துணியை லூசா காட்டிக்கோங்க. உள்ள ரோட்டர்ல சொருகி இருக்கற வேன்னு சொல்ற தகடுங்க மேல எண்ணெய் பரவி, மிச்சம் அந்த துணியில வந்துடும். ஓடவிடாம அப்படியே மாட்டினா எண்ணெய் வேனுக்கு போகாது, வந்த வழியா கீழ தான் வரும், உங்களுக்கு நடக்கறது அது தான். அப்படியும் நிறைய கன்ல எக்ஸாஸ்ட் பிடியோட அடியிலயே இருக்கறதால ஓரிரு சொட்டு வரத்தான் செய்யும். அதுக்கு ஒரு பிவிசி பைப்பை நீளவாக்குல ரெண்டா பிளந்து ரெண்டு முனையும் அடைச்சு தட்டுக்கு அடியில ஓடை மாதிரி மாட்டிடுங்க, உள்ள ஒரு துணி, வாரம் ஒரு தடவை மாத்தணும். இஞ்சின் ஆயில் விடறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு வேண்டாம், அது கெட்டி, நாள்பட பிசுக்கு பிடிச்சு வேன் காடிக்குள்ளயே ஒட்டிக்கும், அப்புறம் ட்ரிக்கர் அமுக்கினா காத்து மட்டும் புஸ்ஸுன்னு போகும், டூல் சுத்தாது.

கேள்வி: பிவிசி பைப்லயே ஹோல்டர் செஞ்சு மாட்டிட்டேன், சூப்பரா வந்திருக்கு. மிச்சம் நிறைய பைப் இருக்கு, அதையே கம்ப்ரசர்ல இருந்து பெஞ்ச் வரைக்கும் லைனா இழுத்துடலாம்னு பாக்கறேன். உங்க யோசனை என்ன?

பதில்: ஹோல்டருக்கு நல்லது, லைனுக்கு வேண்டவே வேண்டாம். இதை கெஞ்சியே சொல்றேன். பிவிசி பைப் தண்ணிக்குன்னு செஞ்சது. தண்ணியை அமுக்க முடியாது, பைப் விரிசல் விட்டா கசிஞ்சு பிரஷர் இறங்கிடும். காத்து அப்படி இல்ல, அமுக்கி வெச்ச ஸ்பிரிங் மாதிரி, பைப் எங்க உடைஞ்சாலும் மொத்த காத்தும் ஒரே நொடியில வெளிய பாயும், அந்த வேகத்துல பைப்பே கத்தி மாதிரி சில்லு சில்லா தெறிக்கும். சாதாரணமா நாம ஓட்டற 90 பிஎஸ்ஐயே அதுக்கு போதும். மாட்டின அன்னைக்கு ஒண்ணும் ஆகாது, மாசக்கணக்குல நல்லா தான் இருக்கும், வெயிலும் சூடும் கம்ப்ரசர் ஆயிலும் பட்டு பட்டு உள்ளுக்குள்ள பலம் போனப்புறம் ஒரு நாள் சும்மா ஒரு ஸ்பேனர் தட்டினாலே போதும். அமெரிக்காவுல தொழிலாளர் பாதுகாப்பை பாக்கற ஓஷா அமைப்பு தரைக்கு மேல பிவிசியில காத்து லைன் இழுக்காதீங்கன்னு 1988லயே எச்சரிக்கை விட்டிருக்கு. இரும்பு, காப்பர், இல்ல காத்துக்குன்னே வர்ற அலுமினிய பைப் போடுங்க, அதுவும் முடியலைன்னா நல்ல ரப்பர் ஹோஸே போதும். மிச்ச பைப்பை வெட்டி சிசல் பிட்டு, நீளமான எக்ஸ்டென்ஷன் எல்லாம் சொருகி வைக்க வெச்சுக்கோங்க.

ஹோல்டர் செய்யப்போற மத்தவங்களுக்கு: 4 இன்ச் பைப் 20 சென்டிமீட்டர் நீளம், அடிப்பக்கம் பிடி நுழையற அகலத்துக்கு ஒரு வெட்டு, அந்த வெட்டு வழியாவே ஸ்க்ரூ டிரைவரை விட்டு மேல் பக்கத்தை தட்டோட அடியில ரெண்டு ஸ்க்ரூ போட்டு முறுக்கிடலாம். கிரைண்டர்ல வெட்டாதீங்க, உருகி ஒட்டும், புகையும் கெடுதல். ஹேக்ஸா பிளேடு போதும், ஓரத்தை எமரி போட்டு தேய்ச்சிடுங்க.

கேள்வி: அண்ணா, நான் தனியா மரவேலை செய்யறேன். சின்ன ஆணி அடிக்கற பிராட் நெய்லரும் ஸ்டேப்ளரும் டிராயர்ல வெச்சிருக்கேன், உருளாம இருக்க மெத்தை ஸ்பாஞ்சை வெட்டி அடியில போட்டிருந்தேன், இப்போ அது பிசுபிசுன்னு கரைஞ்சு டூல்ல ஒட்டிக்கிச்சு. வேற என்ன போடலாம்?

பதில்: அந்த ஸ்பாஞ்ச் எண்ணெயையும் ஈரத்தையும் ரெண்டையும் குடிக்கும்மா, அதான் கரைஞ்சிடுச்சு, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா டூலோட அடியில துருவும் பிடிச்சிருக்கும். சின்னப்பசங்க விளையாட தரையில கோத்து போடற இவிஏ மேட் இருக்குல்ல, அது எண்ணெயை குடிக்காது. ரெண்டு கலர்ல எடுத்து மேல ஒண்ணு கீழ ஒண்ணா ஒட்டி, மேல் மேட்டுல மட்டும் டூலோட உருவத்தை வரைஞ்சு கட்டர்ல வெட்டி எடுத்துடுங்க. எந்த டூல் திரும்ப வரலையோ அந்த குழியில கீழ் கலர் பளிச்சுன்னு தெரியும், கதவை பூட்டறதுக்கு முன்னாடி ஒரு பார்வை போதும். ஒரு பக்கமா விரல் விட்டு எடுக்க அரை வட்டம் சேர்த்து வெட்டிக்கோங்க. நெய்லரை உள்ள வைக்கறதுக்கு முன்னாடி ஹோஸை கழட்டி ஆணி ஸ்ட்ரிப்பையும் வெளிய எடுத்துடணும், இதை ஒரு நாளும் விடாதீங்க.

கேள்வி: ரெண்டு மாசம் ஊர்ல இல்ல, திரும்பி வந்து பாத்தா டை கிரைண்டர்ல பவரே இல்ல. நல்லா எண்ணெய் விட்டு தான் மாட்டிட்டு போனேன். என்ன ஆயிருக்கும்?

பதில்: வேனை பிரிக்கறதுக்கு முன்னாடி காத்து நுழையற வாயை டார்ச் அடிச்சு பாருங்க. எனக்கு இதே கதை நடந்திருக்கு. நானும் பிரஷரை பாத்தேன், ஹோஸை மாத்தினேன், ரெகுலேட்டரை குறை சொன்னேன், கடைசியா ஹோஸ் மாட்டற நிப்பிளை கழட்டி ஒரு ஊசியால குத்தி பாத்தா பொடிப்பொடியா காஞ்ச மண்ணு கொட்டுது. குளவி கூடு கட்டியிருக்கு! அதுக்கு பென்சில் தடிமன் ஓட்டை கிடைச்சா விடவே விடாது. நல்லவேளை உள்ள இருந்த சின்ன சல்லடையிலயே மண்ணு நின்னுடுச்சு, ரோட்டர் வரைக்கும் போயிருந்தா வேன், சிலிண்டர் எல்லாம் கீறல் விழுந்து வீணாகியிருக்கும். உங்க டூல்லயும் மண்ணு இருந்தா ஹோஸை மாட்டி ஊதித்தள்ளாதீங்க, உள்ள தான் போகும், நிப்பிளை கழட்டி தலைகீழா தட்டி எடுங்க.

அன்னையில இருந்து என் டூல் எதுவும் வாய் திறந்து தொங்கறதில்ல. மூடி வாங்கணும்னு அவசியமே இல்ல. லீக் ஆகுதுன்னு தூக்கிப்போடற பழைய குயிக் கப்ளர், அதாவது நிப்பிளை பிடிச்சுக்கற ஹோஸ் முனை, இருக்குல்ல, அதை சேர்த்து வைங்க. அதோட திரெட் பக்கம் ஒரு போல்ட்டோ பிளக்கோ போட்டு அடைச்சு, ஒரு பலகையில கிளாம்ப் அடிச்சு வரிசையா வாய் கீழ பாக்கற மாதிரி மாட்டிடுங்க. டூலோட நிப்பிளை அதுல டக்குன்னு சொருகினா டூல் தொங்கவும் செய்யும், வாயும் அடைஞ்சிடும். வாய் மேல பாத்து இருக்கறதால விட்ட எண்ணெயும் மோட்டார் பக்கமே இறங்கும். ப்ளோ கன், டை கிரைண்டர், டயருக்கு காத்து அடிக்கற கன் மாதிரி லேசானதுக்கு மட்டும் இது, இம்பாக்ட் கன்னை இப்படி தொங்கவிட்டா நிப்பிள் திரெட் தேஞ்சிடும், அதுக்கு ஒரு சின்ன ரப்பர் டியூப் துண்டை ஒரு முனை அடைச்சு தொப்பி மாதிரி மாட்டிடுங்க.

மண்ணு இல்லைன்னா துரு தான். கம்ப்ரசர் டேங்க் அடியில இருக்கற வால்வை தினமும் திறந்து தண்ணியை விடறீங்களான்னு யோசிச்சு பாருங்க, விடலைன்னா அந்த தண்ணி எண்ணெயோட சேர்ந்து டூலுக்குள்ள தான் போய் உக்காந்திருக்கும்.

கேள்வி: ஹோஸை ஆணியில மாட்டினா மாட்டின இடத்துலயே மடங்கி மடங்கி வெடிக்குது.

பதில்: ஆணி வேண்டாம், பழைய கார் வீல் ரிம் ஒண்ணை சுவர்ல போல்ட் பண்ணிடுங்க, ரிம்ல ஏற்கனவே போல்ட் ஓட்டை இருக்கு, ஆங்கர் அதுலயே உக்காந்துக்கும். வளைவு பெருசா இருக்கறதால ஹோஸ் எங்கயும் மடங்காது, ரிம் நடுவுல இருக்கற குழியில கப்ளர், டெஃப்லான் டேப் எல்லாம் போட்டுக்கலாம். சுத்தறதுக்கு முன்னாடி கம்ப்ரசர் வால்வை மூடி ஹோஸ்ல இருக்கற காத்தை முழுசா விட்டுடுங்க, காத்தோட சுத்தினா விறைப்பா நின்னு நாளடைவுல வெடிப்பு காட்டும்.

கேள்வி: இம்பாக்ட் சாக்கெட்டை காந்தப்பட்டையில ஒட்டி வைக்கலாமா?

பதில்: ஒட்டலாம், ஆனா நாளடைவுல சாக்கெட்டே காந்தமாகி இரும்புத்தூளை எல்லாம் வாரிக்கிட்டு வரும். மரக்குச்சி நட்டு கவுத்து வைக்கறது எனக்கு பிடிச்சது. 1/2 இன்ச் சாக்கெட்டோட சதுர ஓட்டை 12.7 எம்எம், அதனால 12 எம்எம் உருண்டை குச்சி சரியா போகும். 3/8க்கு 9 எம்எம், 1/4க்கு 6 எம்எம்.

கேள்வி: ஸ்ப்ரே கன்னையும் இதே பலகையில சேர்த்து மாட்டிடலாமா அண்ணே? இடம் மிச்சம் இருக்கு.

பதில்: இடம் இருந்தாலும் வேண்டாம் தம்பி. எண்ணெய் விட்ட டூலும் ஸ்ப்ரே கன்னும் பக்கத்துல பக்கத்துல இருக்கவே கூடாது. கண்ணுக்கு தெரியாத எண்ணெய் துளி ஒண்ணு பெயிண்டுல கலந்தா போதும், அடிச்ச இடத்துல மீன் கண்ணு மாதிரி வட்ட வட்டமா பெயிண்ட் விலகி நிக்கும், மொத்தத்தையும் தேய்ச்சு திரும்ப அடிக்கணும். கதவு வெச்ச சின்ன அலமாரி ஒண்ணு தனியா செஞ்சு, உள்ள 6 எம்எம் கம்பியை கொக்கி மாதிரி வளைச்சு அடிச்சு, கப்பு மேல இருக்கற மாதிரி நேரா தொங்கவிடுங்க. படுக்க வெச்சா மிச்சம் மீதி தின்னர் பேக்கிங் பக்கம் இறங்கி ஊறிக்கும். பெயிண்டுக்குன்னு ஒரு ஹோஸை ஒதுக்கி ரெண்டு முனையிலயும் கலர் டேப் சுத்திடுங்க, காத்துல எண்ணெய் கலந்துவிடற லூப்ரிகேட்டர் வழியா காத்து போன ஹோஸை அதுல மாட்டவே கூடாது. அந்த அலமாரி கம்ப்ரசர் இருக்கற மூலையில இல்லாம எதிர் சுவர்ல இருந்தா இன்னும் நல்லது.