புயல் மழையில் பைபர் இணைப்பு போய்விட்டால் வீட்டிலிருந்து வேலையை எப்படித் தொடர்வது?

கேள்வி: சென்னையில் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். மழைக்காலத்தில் கரண்டும் இணையமும் சேர்ந்தே போகின்றன. என்ன ஏற்பாடு செய்து வைக்கலாம்?

முதலில் எது செத்தது என்று பாருங்கள். ஓஎன்டி பெட்டியில் (வீட்டுக்கு வரும் பைபர் போய்ச் சேரும் சின்னப் பெட்டி) எல்ஓஎஸ் (LOS) விளக்கு சிவப்பாக மினுக்கினால் பைபரில் ஒளி வரவில்லை, பெரும்பாலும் எங்கோ அறுந்திருக்கிறது. புகாரைப் பதிந்துவிட்டு மாற்று வழிக்குப் போய்விடுங்கள். பான் (PON) விளக்கு பச்சையாக நின்று எரிந்தும் இணையம் வரவில்லையா? ஒருமுறை அணைத்துப் போடலாம். அதற்கும் வராவிட்டால் கோளாறு அநேகமாக அவர்கள் பக்கம்.

பெட்டியே இருண்டு கிடந்தால் அது நல்ல செய்தி: போயிருப்பது உங்கள் வீட்டுக் கரண்டாக மட்டும் இருக்கலாம். ஜிபான் வகை (வீட்டுக்குள் வரை பைபரே வரும்) இணைப்பில் நிறுவனத்தின் நிலையத்துக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில் கரண்ட் கேட்கும் கருவி எதுவும் இல்லை. ஒளியைப் பிரித்துத் தரும் ஸ்ப்ளிட்டர் வெறும் கண்ணாடிச் சமாசாரம். தெருவே இருட்டாக இருந்தாலும், அந்தப் பக்கம் ஜெனரேட்டர் ஓடும்வரை, உங்கள் பெட்டிக்கு 12 வோல்ட் கொடுத்தால் இணைப்பு வந்துவிடும். உள்ளூர் கேபிள்காரர் தரும் இணைப்பில் இந்த உறுதி கிடையாது. வீட்டுக்குள் வருவது பைபராக இல்லாமல் லேன் கேபிளாக இருந்தால், மாடிப்படிக்கு அடியிலோ மொட்டைமாடியிலோ ஒரு ஸ்விட்ச் பெட்டி இருக்கிறது என்று பொருள். அதற்கு பேக்கப் உண்டா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

காற்றுப் புயலும் மழைப் புயலும் ஒன்றல்ல. 2016 வர்தாவில் மரங்களும் கம்பங்களும் சாய்ந்தன. அந்த மாதிரி நேரத்தில் தலைக்கு மேல் தொங்கும் பைபர்தான் முதல் பலி. (விழுந்த மரத்தை வெட்டுகிறவர்கள் கேபிளையும் சேர்த்து வெட்டுவது தனிக் கதை.) 2023 மிக்ஜாமில் பிரச்சினை வெள்ளம். வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கமெல்லாம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. தெருவோர பில்லர் பாக்ஸில் தண்ணீர் ஏறினால் மின்வாரியமே சப்ளையை நிறுத்திவிடும், நிறுத்தத்தான் வேண்டும்.

ஓஎன்டிக்கு மினி யுபிஎஸ் (கரண்ட் போனால் பேட்டரியில் ஓட்டும் சின்னக் கருவி) வாங்குமுன் அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட், 1 முதல் 2 ஆம்பியர் என்று இருக்கும். தனி ரௌட்டர் வைத்திருந்தால் அது 9 வோல்ட்டாகவோ 5 வோல்ட்டாகவோ இருக்கலாம். அதில் 12 வோல்ட்டைச் செருகினால் கதை முடிந்தது. அடாப்டர் முனையின் விட்டத்தையும் ஒப்பிடுங்கள். 5.5க்கு 2.1 மில்லிமீட்டர், 5.5க்கு 2.5 மில்லிமீட்டர் இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். மாறிப்போனால் உள்ளே நுழையாது, அல்லது லூசாகி அடிக்கடி அணையும். விளம்பரத்தில் சொல்லும் எம்ஏஎச் எண்ணை நம்பாமல் வாட்-அவர் கணக்குப் போடுங்கள். 2000 எம்ஏஎச் செல் நான்கு என்றால், செல்லுக்கு 3.7 வோல்ட் வீதம், சுமார் 30 வாட்-அவர். ஓஎன்டி 8 வாட் இழுத்தால், இழப்பு போக மூன்று மணி நேரம் வரும்.

20,000 எம்ஏஎச் பவர்பேங்க்கில் 74 வாட்-அவர் இருக்கிறது. 5 வோல்ட்டை 12 வோல்ட்டாக ஏற்றித் தரும் யுஎஸ்பி கேபிளைப் போட்டால் ஆறேழு மணி நேரம் ஓடும். டைப்-சி பிடி டிரிக்கர் கேபிள் (பவர்பேங்க்கிடம் 12 வோல்ட்டைக் கேட்டு வாங்கும் கேபிள்) வாங்குகிறவர்கள் கவனிக்க: பல பவர்பேங்க்குகளில் 12 வோல்ட் நிலையே கிடையாது. கேபிள் 9 வோல்ட்டில் போய் நிற்கும், ஓஎன்டி திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும். பெட்டி கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் சுவிட்சை யுபிஎஸ் நிலையில் வையுங்கள். சாதாரண நிலையில் மாறும் நேரம் கூடுதல் என்பதால் ரௌட்டர் அணைந்து எழும், மீட்டிங் அறுந்துவிடும். 150 ஏஎச் பேட்டரியில் லேப்டாப்பும் ஓஎன்டியும் மட்டும் ஓடினால் 12 மணி நேரமாவது தாங்கும். இரண்டு ஃபேன் சேர்ந்தால் நாலைந்து மணிதான்.

அடுத்தது மாற்று வழி. அது முதல் வழியோடு ஒரே கம்பத்தில் தொங்கக் கூடாது. ஏர்டெல்லுக்கு மாற்றாக விஐ சிம் வைத்திருப்பவர்கள் நிறைய. இரண்டின் ஆன்டெனாவும் பல இடங்களில் இண்டஸ் என்ற டவர் நிறுவனத்தின் ஒரே டவரில்தான் இருக்கும். அந்த டவரின் பேட்டரி இறங்கினால் இரண்டும் சேர்ந்தே போகும். ஏர்டெல்லுடன் ஜியோ அல்லது பிஎஸ்என்எல் வைப்பது மேல். வேலிடிட்டியை மழைக்கு முன்பே போட்டுவிடுங்கள்.

போனில் சிக்னல் கோடு முழுதாக இருந்தும் டேட்டா நகரவில்லை என்றால் டவரில் நெரிசல், அல்லது டவருக்கு வரும் பைபர் அறுந்திருக்கிறது. இடம் மாற்றி நிற்பதால் பெரிதாக எதுவும் மாறாது. அடுத்த சிம்முக்கு மாறுங்கள். 5ஜியை அணைத்து 4ஜியில் மட்டும் வைத்துப் பாருங்கள். பெரிய கோப்புகளை விடியற்காலை ஐந்து மணிக்கு அனுப்புங்கள். கோடே இல்லாதபோதுதான் ஜன்னல், மேல்மாடி உதவும். போன் செட்டிங்ஸின் சிம் ஸ்டேட்டஸ் பகுதியில் சிக்னல் மைனஸ் 90 (dBm) அளவில் இருந்தால் நன்று, மைனஸ் 115க்குக் கீழே போனால் வீடியோவை மறந்துவிடுங்கள்.

ஹாட்ஸ்பாட்டைவிட யுஎஸ்பி டெதரிங் (போனின் டேட்டாவைக் கேபிள் வழியே லேப்டாப்புக்குத் தருவது) நல்லது: போன் சூடாவது குறையும், சார்ஜும் ஏறும். ஆனால் லேப்டாப் பேட்டரியைப் போன் உறிஞ்சும், கரண்ட் இல்லாத நாளில் இதையும் கணக்கில் வையுங்கள். பல ஆண்ட்ராய்டு போன்கள் மேக்கில் இந்த முறையில் வேலை செய்யாது. விண்டோஸில் அந்த இணைப்பை மீட்டர்டு (அளவோடு செலவிட வேண்டிய டேட்டா) என்று குறிக்காவிட்டால் அப்டேட்டும் ஒன்டிரைவும் சேர்ந்து அன்றைய டேட்டாவை விழுங்கிவிடும்.

குழு வீடியோ மீட்டிங் மணிக்கு ஒன்று முதல் இரண்டு ஜிபி வரை தின்னும். குரல் மட்டும் என்றால் நூறு எம்பிக்குள் முடியும். டேட்டாவே இல்லாவிட்டாலும், அழைப்பிதழில் டயல்-இன் எண் இருந்தால் சாதாரண போன் அழைப்பாகவே மீட்டிங்கில் சேரலாம். ஜூம், டீம்ஸ், மீட் மூன்றிலும் நட்சத்திரம் 6 அழுத்தினால் மியூட். அந்த எண்ணையும் மீட்டிங் ஐடியையும் காகிதத்தில் எழுதி வையுங்கள். மெயில் திறக்காதபோதுதான் அது தேவைப்படும்.

மொபைல் டேட்டாவில் விபிஎன் (அலுவலக நெட்வொர்க்குக்குப் போகும் பாதுகாப்பான இணைப்பு) இணைந்தும் பெரிய பக்கங்கள் மட்டும் தொங்கினால் எம்டியு (ஒரே பொட்டலமாக அனுப்பும் டேட்டாவின் உச்ச வரம்பு) அளவை 1300க்கு இறக்கச் சொல்லி அலுவலக ஐடி ஆளிடம் கேளுங்கள்.

பலர் மாட்டிக்கொள்வது ஓடிபியில். பைபர் ஓடுகிறது, லேப்டாப் ஓடுகிறது, ஓடிபி வரவேண்டிய சிம்முக்கு மட்டும் டவர் இல்லை. இதற்கு வைபை காலிங்கை (டவருக்குப் பதில் வைபை வழியே அழைப்பு) முன்கூட்டியே ஆன் செய்து வையுங்கள், பெரும்பாலும் எஸ்எம்எஸ்ஸும் அதன் வழியே வந்துவிடும். அலுவலகம் அனுமதித்தால் போனிலேயே குறியெண்ணை உருவாக்கும் ஆதென்டிகேட்டர் ஆப்புக்கு மாறுங்கள். அதற்கு இணையமே வேண்டாம், போனின் கடிகாரம் சரியாக இருந்தால் போதும்.

சாட்டிலைட் போன் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். துரையா, இரிடியம் கருவிகளை இந்தியாவில் உரிய அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் வாங்கிவரச் சொல்லாதீர்கள், அவர் விமான நிலையத்திலேயே மாட்டிக்கொள்வார்.