தோடு போட்ட இடம் மட்டும் வலிக்கவில்லை

கேள்வி: அம்மாவுக்கு 52 வயது. எட்டு மாதத்தில் மூன்று முறை காது சிவந்து வீங்கிவிட்டது. முதலில் இடது காது. அக்கி என்று காவி எழுதினோம். அடுத்த முறை மருந்துக்கடை மாத்திரை. இரண்டு தடவையும் பத்து நாளில் வடிந்தது. இப்போது வலது காது, தலையணை பட்டாலே துடிக்கிறார். கண் சிவந்திருக்கிறது, தொண்டையும் கம்மிவிட்டது. தோட்டை மட்டும் கழற்றவில்லை, அங்கே வலியில்லையாம். பயப்பட வேண்டுமா?
- வாசகி, உசிலம்பட்டி

பதில்: அன்புச் சகோதரி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தத் தோடு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. காது மடலின் மேல்பகுதி குருத்தெலும்பு. தோடு தொங்கும் சோணை வெறும் சதை. தோலில் கிருமியால் வரும் வீக்கம் பெரும்பாலும் சதை, குருத்து என்று பார்க்காது, சோணையும் சேர்ந்து வீங்கும். அக்கி என்றால் கொப்புளம் கிளம்பியிருக்கும். மடல் கத்திரிப்பூ நிறத்தில் தடித்து, சோணை மட்டும் தப்பினால், உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் குருத்தெலும்பையே தாக்கும் 'ரிலாப்ஸிங் பாலிகாண்ட்ரைடிஸ்' என்ற அரிய நோயா என்று பார்த்தே ஆக வேண்டும்.

மாத்திரையில் வடிந்தது என்று நம்பியிருப்பீர்கள். இந்த வீக்கம் சில நாளிலோ வாரங்களிலோ தானே வடியும், பிறகு திரும்ப வரும். பலருக்கு நோய் தெரியத் தாமதமாவது இதனால்தான். அதற்குள் மடல் துவண்டுபோகலாம், மூக்குத்தண்டு அமுங்கலாம்.

1976-ல் மெக்ஆடம் என்ற மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் ஆறு அடையாளங்களைச் சொன்னார்கள்: இரண்டு காது மடல், மூக்கு, மூச்சுக்குழாய், கண், மூட்டு, உள்காது. இவற்றில் மூன்று சேர்ந்தால் இந்த நோய் என்று எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அம்மாவுக்கு இரண்டு காதும் ஆகிவிட்டது, கண்ணும் சிவந்திருக்கிறது. எனக்குக் கவலை தொண்டைதான். குரல்வளையும் மூச்சுக்குழாயும் குருத்தெலும்பின் பலத்தில்தான் திறந்து நிற்கின்றன. கடிதத்தை வைத்து நோயை முடிவு செய்ய முடியாது. ஆனால் குரல் கம்மிய பிறகு ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

மதுரை கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரியில் வாதநோய்ப் பிரிவு இருக்கிறது, அங்கே போங்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரும் குரல்வளையைப் பார்க்கட்டும். கண்ணை அங்கேயோ அரவிந்த் கண் மருத்துவமனையிலோ காட்டலாம். இந்த நோய்க்கென்று தனி ரத்தப் பரிசோதனை கிடையாது. உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. பரிசோதனைகள் எடுப்பார்கள், அவை சரியாக இருந்தாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது. மூச்சுக்குழாய்க்கு, மூச்சை வெளிவிடும்போதும் சேர்த்து ஸ்கேன் எடுக்க வேண்டிவரலாம். ஆரம்பத்திலேயே பிடித்தால் ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளால் அடக்கி வைக்க வழியுண்டு. மூச்சு இழுக்கும்போது விசில் போலச் சத்தம் வந்தால், நடுராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

போகுமுன் இன்றைக்கே காதைச் செல்போனில் படம் எடுத்து வையுங்கள், சோணையும் தெரிகிற மாதிரி. நீங்கள் டாக்டரைப் பார்க்கும் நாளில் வீக்கம் வடிந்திருக்கலாம். அந்த மருந்துக்கடை மாத்திரையின் அட்டை கிடந்தால் அதையும் எடுத்துப் போங்கள். அது ஸ்டீராய்டாக இருந்திருந்தால் டாக்டருக்குக் கட்டாயம் தெரிய வேண்டும்.