தரைமூடி ஆடுகிறதா? முதலில் மரத்தைப் பாருங்கள்

தம்பி, புதிதாக வந்த இடத்தில் பழைய ஆர்வி ஒன்று, அதாவது வீடுபோல் வசதி உள்ள பயண வண்டி, வாங்கியிருக்கிறீர்கள். நடைவழியில் இருக்கும் தரைமூடி, அதாவது தரையில் தூக்கித் திறக்கும் கதவு, மிதித்தால் கடகடக்கிறது, கைப்பிடி வளையம் ஆடுகிறது, திருகாணியை முறுக்கி வைத்தாலும் அடுத்த பயணத்தில் மறுபடி கழன்றுவிடுகிறது, பட்டறையில் விடத்தான் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள்.

பெரும்பாலும் தேவைப்படாது. வெளிநாட்டுக்கு வந்த நாங்கள் பலரும் கொஞ்ச காலத்திலேயே திருப்புளி பிடிக்கப் பழகிவிட்டோம். கூலி மணிக்கணக்கில் ஏறும். கோடை பிறந்துவிட்டால் ஆர்வி பட்டறைகளில் இடம் கிடைப்பதே பெரும்பாடு. இந்த வேலை ஒரு வார இறுதிக்குள் அடங்கிவிடும். ஆனால் முறுக்கிக்கொண்டே இருப்பது பழுதுபார்ப்பு ஆகாது. முறுக்கியும் கழல்கிறதென்றால் திருகாணிமேல் குற்றமில்லை. அது கடித்துப் பிடிக்க வேண்டிய மரம் விட்டுக்கொடுத்துவிட்டது. ஆர்வியின் தரை மெல்லிய பிளைவுட்டாகவோ மரச்சீவல் பலகையாகவோதான் இருக்கும். ஓடும் வண்டியின் அதிர்வில் திருகாணியின் மரை, அதாவது அதன் சுற்று வரிகள், மெல்ல மெல்ல ஓட்டையை அரைத்துப் பெரிதாக்குகிறது. அதோடு ஈரமும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, சாவியை எடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மூடிக்குக் கீழே தண்ணீர்ப் பம்போ வயரோ இருந்தால் 12 வோல்ட் பேட்டரியின் இணைப்பையும் துண்டித்துவிடுங்கள். மூடியைத் தூக்கியதும் ஒரு கட்டை கொடுத்து நிறுத்துங்கள். தாங்கிப் பிடிக்கும் கேஸ் ஸ்ட்ரட்டை (வாயு அடைத்த தண்டை) மட்டும் நம்பாதீர்கள், பழைய ஸ்ட்ரட் திடீரென்று கைவிட்டால் விரல் நசுங்கிவிடும். அப்புறம் டார்ச் அடித்து, திறப்பின் விளிம்பைச் சுற்றிக் குத்தூசியால் அழுத்திப் பாருங்கள். நல்ல மரம் எதிர்த்து நிற்கும். ஊசி சுலபமாக உள்ளே இறங்கினால், மரம் கறுத்திருந்தால், அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தால், கைப்பிடி வேலையை அங்கேயே நிறுத்திவிட்டுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். பம்பின் இணைப்புகள், குழாய் மூட்டுகள், கழிப்பறையின் அடிப்பாகம், கூரை ஓட்டை என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். கசிவை அடைக்காமல் புதுக் கீல் மாட்டுவது வீண் செலவு.

மரம் கெட்டியாக இருந்தால் கவலையில்லை. திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். வட அமெரிக்க ஆர்விகளில் சதுரக் குழித் தலைதான் அதிகம். 1908-இல் கனடாக்காரர் பி.எல். ராபர்ட்சன் உருவாக்கிய வகை அது, ஆர்வியில் பெரும்பாலும் 2-ஆம் எண் அளவு. வீட்டில் இருக்கும் நட்சத்திரத் திருப்புளியை அதில் திணித்தால் தலை வழுக்கிக் குழி கெட்டுவிடும். சதுர முனை ஒன்று தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், எப்படியும் வண்டி முழுக்கத் தேவைப்படும். பவர் டிரில்லை விடக் கையால் முறுக்குவதே நல்லது. மெல்லிய பலகையில் டிரில் ஒரு நொடியில் மரையைச் சிதைத்துவிடும்.

கடைசி மரைவரை சுற்றியும் இறுகாமல் திருகாணி சும்மா சுழன்றால் ஓட்டை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். உடனே எல்லாருக்கும் தோன்றும் யோசனை, இன்னும் நீளமான திருகாணி போடலாம் என்பது. தயவுசெய்து வேண்டாம். அந்தத் தரைக்கு அடியில் தண்ணீர்க் குழாய், வயர், தொட்டி, சில வண்டிகளில் கேஸ் குழாய்கூடப் போகும். மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. லேசான கைப்பிடிக்கு, ஓட்டையில் மரப்பசை ஊற்றி, பல்குத்தும் குச்சிகளை நெருக்கமாகச் செருகி, மேற்பரப்போடு வெட்டிவிட்டாலே போதும். எடை தாங்கும் கீலுக்கு ஓட்டையை 8 அல்லது 10 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கி, கடின மரக் குச்சியைப் பசையோடு அடித்து இறக்குங்கள். 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள். அவசரப்பட்டு மாலையிலேயே முறுக்கினால் எல்லாம் பிய்ந்து வரும். பிறகு திருகாணிக்கு வழிகாட்டும் சிறு வழித்துளை போடுங்கள். டிரில் பிட்டைத் திருகாணிக்கு முன்னால் பிடித்துப் பார்த்தால் நடுத்தண்டு மறைந்து, மரைகள் மட்டும் இரு பக்கமும் தெரிய வேண்டும். அதுதான் சரியான அளவு. எவ்வளவு ஆழம் போகலாம் என்பதை பிட்டில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், தினமும் தூக்கும் மூடிக்குத் திருகாணியே வேண்டாம். மூடியின் ஊடாகப் போல்ட் விட்டு, அடியில் அகலமான வாஷரும் நைலான் வளையம் கொண்ட நட்டும் போடுவதுதான் நிலைக்கும். போடுமுன், அந்த நட்டு மூடி உட்காரும் சட்டத்தில் இடிக்குமா என்று பார்த்துவிடுங்கள். ஸ்லைடு அவுட், அதாவது பக்கவாட்டில் வெளியே நீண்டு உள்ளே மடங்கும் அறை, உள்ள வண்டியாக இருந்தால், கைப்பிடி வளையம் தரையைவிட மேலே துருத்தாமல் இருக்கிறதா என்பதும் முக்கியம், உள்ளே வரும் அறையின் அடி அதில் மாட்டும். மரை கழலாமல் பிடிக்கும் நீல நிற மரைப்பசை உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்துக்கு மட்டும்தான்; மரத்தில் பூசிப் பயனில்லை, சில பிளாஸ்டிக்குகளை அது வெடிக்கவும் வைக்கும்.

தாழ்ப்பாள் ஆடினால் பின்பக்கத்தில் அதைப் பலகையோடு பிடிக்கும் நட்டையும், நாக்கைப் பிடிக்கும் சிறு திருகாணியையும் இறுக்குங்கள். ஸ்ட்ரட் தளர்ந்திருந்தால் மாற்றுவதுதான் வழி, உள்ளே அழுத்தமான வாயு இருப்பதால் பிரிக்கக் கூடாது. அதன் உடம்பில் நியூட்டன் அளவு அச்சிட்டிருக்கும். அதே எண்ணும் அதே நீளமும் பார்த்து வாங்குங்கள்.

இவ்வளவு செய்தும் சத்தம் போகாவிட்டால் விளிம்பில் உள்ள ரப்பர் பட்டையைச் சோதியுங்கள். ஒரு காகிதத் துண்டை இடையில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் அழுத்தம் இல்லை. பழையதைச் சுரண்டி எடுத்து, நீர் உறிஞ்சாத நுரைப் பட்டை ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் ரொம்பத் தடிமனாக ஒட்டினால் தாழ்ப்பாள் விழாது.

உங்கள் மூடி எஞ்சினுக்கோ ஜெனரேட்டருக்கோ மேலே இருக்கிறதென்றால் மட்டும் விஷயம் வேறு. அங்கே இடைவெளி என்பது சத்தப் பிரச்சினை இல்லை. புகையோடு கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வண்டிக்குள் வரும் வழி, அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அந்த மூடியில் புதுத் துளை எதுவும் போடாதீர்கள், வெப்பம் தாங்கும் பட்டைதான் ஒட்ட வேண்டும், சந்தேகம் இருந்தால் அந்த ஒரு மூடியைப் பட்டறையிலேயே விட்டுவிடுங்கள். அதுவரை வண்டியில் உள்ள கார்பன் மோனாக்சைடு அலாரத்தை நம்பலாமா என்றால், பழைய வண்டிகளில் அது காலாவதியாகியிருக்க வாய்ப்பு அதிகம். தேதி பெரும்பாலும் பின்பக்கத்தில் இருக்கும், இன்றைக்கே கழற்றிப் பாருங்கள்.