விழுந்த மரமும் பழைய செயின்சாவும்: கேள்வி பதில்

சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் என் பொழுது இரண்டு வேலைகளில் போகிறது. யாருக்கும் வேண்டாத மரத்தை விறகாக்குவது ஒன்று; யாருக்கும் வேண்டாத செயின்சாவை ஓட வைப்பது மற்றொன்று. தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றியுள்ள நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): அண்ணா, தாத்தாவின் கொட்டகையில் ஷ்டீல் 08 செயின்சா ஒன்று கிடக்கிறது. இருபது ஆண்டாக ஓடவில்லை. கயிற்றை இழுத்தால் சுற்றுகிறது, உயிர் வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் கயிற்றை விட்டுவிடுங்கள், தம்பி. இத்தனை ஆண்டு கிடந்த இயந்திரத்துக்குள் துரு இருக்கும், குளவி கட்டிய மண்கூடு இருக்கும். ஒவ்வொரு இழுப்பும் அதைச் சிலிண்டர் சுவரில் வைத்துத் தேய்க்கிறது.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். பிறகு சைலன்சரைக் கழற்றி, புகை வெளியேறும் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஃப்ளைவீலைக் கையால் மெல்லத் திருப்பினால் பிஸ்டன் ஏறி இறங்குவது தெரியும். அதன் பக்கவாட்டில், கடைசலில் விழுந்த மெல்லிய குறுக்குக் கோடுகள் அப்படியே இருந்தால் கும்பிட்டு மேலே போகலாம். மேலிருந்து கீழாகக் கீறல் இருந்தால் அது நோய். கீறல் புகைத்துளைப் பக்கம் என்றால் எண்ணெய் போதாமலோ பெட்ரோல் போதாமலோ சூடேறியிருக்கிறது. கார்புரேட்டர் பக்கம் என்றால் காற்று வடிகட்டி வழியாகத் தூசி போயிருக்கிறது. ஒரு ரம்பத்தை அதன் சொந்தக்காரர் எப்படி வைத்திருந்தார் என்பதை அந்தச் சிறு துளை சொல்லிவிடும். கடையில் பழைய ரம்பம் வாங்கும்போதும் இதைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். சைலன்சரைக் கழற்றவிட மறுத்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

பிஸ்டன் நன்றாக இருந்தால் பிளக்கைத் திரும்ப மாட்டி, கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து ரம்பத்தைத் தொங்கவிடுங்கள். படிப்படியாக, தயங்கித் தயங்கி இறங்கினால் அமுக்கம் இருக்கிறது. மடமடவென்று இறங்கினால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கிறது. அளவுமானி இருந்தால் 120 பிஎஸ்ஐக்கு மேல் காட்ட வேண்டும்.

அடுத்தது கார்புரேட்டர். அதற்குள் இருக்கும் டயாபிரம் விரல் பட்டால் வளைய வேண்டிய மெல்லிய சவ்வு. உங்களுடையது காய்ந்த வாழைச்சருகு போல மொரமொரப்பாக இருக்கும். அதையும் பெட்ரோல் குழாயையும் தொட்டிக்குள் இருக்கும் வடிகட்டியையும் யோசிக்காமல் மாற்றுங்கள். பழைய மாதிரிகளில் தீப்பொறி, பாயின்ட் என்ற திறந்து மூடும் தொடுமுனையும் கண்டென்சரும் வழியாக வருகிறது. பாயின்டின் முகத்தை மிக நுண்ணிய உப்புத்தாளால் ஒரு முறை துடைத்து, இடைவெளியை 0.35 முதல் 0.4 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். என்னிடம் வந்த பழைய ரம்பங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு துடைப்பிலேயே பொறி விட்டிருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. ஷ்டீல் 08இல், ரம்பம் துள்ளினால் செயினை உடனே நிறுத்தும் செயின் பிரேக் கிடையாது. 1970களில்தான் செயின்சாக்களில் அது வரத் தொடங்கியது. செயின் சுற்றி ஓடும் நீளத் தகடுதான் பார்; அதன் நுனியின் மேற்புறக் கால்வட்டம் மரத்தில் பட்டால் ரம்பம் கண்ணிமைக்கும் முன் முகத்தை நோக்கித் துள்ளும். தாத்தாவின் ரம்பத்தை ஓட வையுங்கள், அதன் சத்தத்தைக் கேளுங்கள், தரையில் கிடக்கும் கட்டையை அறுங்கள். நிற்கும் மரத்துக்கும் கிளை கழிக்கவும் பிரேக் உள்ள ரம்பத்தை எடுங்கள். என் மைத்துனரின் தொடையில் இருபத்திரண்டு தையல் போட்ட இரவு மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன்.

கேள்வி (டோங்காட்): செயினுக்குப் பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றலாமா? சும்மா கிடைக்கிறது.

பதில்: கூடாது. காரில் ஓடிய ஆயிலில் இரும்புத் துகள் கலந்திருக்கிறது, அது பாரின் காடியை அரைத்துவிடும். பிசுக்கும் போதாது, செயின் சுற்றும் வேகத்தில் தெறித்துப் போய்விடும். தெறிப்பது எங்கே? உங்கள் கையிலும் மூச்சிலும் மண்ணிலும். பழைய எஞ்சின் ஆயில் புற்றுநோய் வரவழைக்கக்கூடியது. செயின் ஆயிலே வாங்குங்கள்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): ஐயா, எங்கள் தெருவில் ஓக் மரம் ஒன்று பட்டுப்போய் வெட்டுகிறார்கள். அடிமரம் முழுக்கப் பேனா முனை அளவுத் துளைகள். விறகை டர்பனில் உள்ள அண்ணன் வீட்டுக்கு பக்கியில் (சிறு சரக்கு வண்டியில்) ஏற்றிக் கொண்டு போகலாமா?

பதில்: ஏற்றாதீர்கள். இந்தக் கேள்வி கேட்டதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அந்தத் துளைகள் ஷாட் ஹோல் போரர் வண்டின் வேலையாக இருக்க வாய்ப்பு மிகுதி. எள்ளளவு வண்டு, 2 மில்லிமீட்டர்தான் இருக்கும். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தது. நம் நாட்டில் அது 2017இல் அடையாளம் காணப்பட்டதே உங்கள் ஊர்த் தாவரவியல் பூங்காவில்தான். வண்டு மரத்தைத் தின்பதில்லை. துளை போட்டு உள்ளே ஒரு பூஞ்சையை விதைத்து, அதைப் பயிர் செய்து குஞ்சுகளுக்கு ஊட்டுகிறது. அந்தப் பூஞ்சை நீர் ஏறும் நாளங்களை அடைப்பதால் மரம் நின்ற இடத்திலேயே வாடிச் சாகிறது. ஜோஹானஸ்பர்க், ஜார்ஜ், நைஸ்னா என்று அது போன ஊர்களுக்கெல்லாம் தானே பறந்து போகவில்லை. அத்தனை தூரம் பறக்க அதற்குச் சக்தி இல்லை. விறகு ஏற்றிய வண்டிகள் கொண்டு போயின.

விழுந்த இடத்திலேயே அறுத்து அங்கேயே எரித்துவிடுவது நல்லது. முடியாவிட்டால் சிறு சில்லுகளாக்கி, கனமான பிளாஸ்டிக் விரிப்பால் இறுக மூடி வெயிலில் ஆறு வாரமாவது வையுங்கள். நகராட்சிக்கும் சொல்லிவிடுங்கள். அண்ணனுக்கு டர்பனிலேயே விறகு கிடைக்கும்.

வண்டுகளைப் பற்றிப் பேசும்போது எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும் செய்தி ஒன்று உண்டு. இன்று நாம் எல்லோரும் பயன்படுத்தும் செயினின் பல் வடிவம் ஒரு மரப்புழுவிடமிருந்து வந்தது. 1946இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, ஒரு மரவண்டின் புழு தன் தாடைகளை இடமும் வலமும் மாற்றி மாற்றிக் கடித்து மரத்தைக் குடைவதைக் கண்டார். அதையே பார்த்து இடப்பல், வலப்பல் என்று மாறி வரும் செயினைச் செய்தார். உங்கள் செயினை விரலில் தூக்கிப் பாருங்கள், புழுவின் வாய் தெரியும்.

கேள்வி (இசிபிங்கோ): வாட்டில் மரம் ஒரு லோடு கிடைத்தது. எரித்தால் வெறும் புகை. மரம் மோசமா?

பதில்: மரம் மிக நல்லது, நீங்கள் அவசரப்பட்டீர்கள். தோல் பதனிடும் பட்டைக்காகவும் விறகுக்காகவும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம் அது. இன்று நம் ஓடைக்கரைகளை அடைத்து நிற்கிறது; கனமான, நின்று எரியும் விறகு. ஆனால் வெட்டிய மரத்தின் எடையில் கிட்டத்தட்டப் பாதி தண்ணீர். அது 20 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். உருண்டைக் கட்டையாக அடுக்கினால் பட்டை ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும். பிளந்து, தரையில் படாமல் இரண்டு கம்பத்தின் மேல் அடுக்கி, மேலே மட்டும் மூடுங்கள். பக்கவாட்டில் காற்று புக வேண்டும். நம் கடற்கரைக் கோடையின் புழுக்கத்தில் விறகு காயாது. ஜூன், ஜூலைக் குளிர்காலத்தின் வறண்ட காற்றுதான் காயவைக்கும். ஓராண்டு பொறுங்கள். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): பழைய எஞ்சின் ஆயிலை வடிகட்டி ஊற்றினால்?

பதில்: துணியில் வடியாத துகள்தான் கெடுக்கிறது. டோங்காட் நண்பருக்குச் சொன்ன பதிலே உங்களுக்கும்.

கேள்வி (வெருலம்): கோயில் வளாகத்தில் பெரிய சிரிங்கா மரம் காற்றில் சாய்ந்துவிட்டது. இது வேப்பமரம், அம்மன் மரம், விறகாக்கக் கூடாது என்று சிலர் தடுக்கிறார்கள். உங்கள் கருத்து?

பதில்: சிரிங்கா வேம்பு அன்று, அது மலைவேம்பு. வேம்பின் ஈர்க்கில் இலைகள் ஒரே வரிசையாக இரு பக்கமும் நிற்கும்; சிரிங்காவில் ஈர்க்கே கிளைத்து அதில் இலை வரும். வேப்பம்பூ வெள்ளை, இது ஊதா. குளிர்காலத்தில் இலை முழுவதும் கொட்டி மஞ்சள் காய் மட்டும் கொத்தாகத் தொங்கும், அந்தக் காய் நஞ்சு. ஆகவே விறகாக்கலாம். எளிதில் பிளக்கும், சுலபமாகப் பற்றும், சீக்கிரம் தீர்ந்துவிடும்.

இந்தப் பதிலை வெருலம் நண்பர் பலருக்குக் காட்டிவிட்டார். இரண்டே நாளில் எனக்கு வந்தவற்றில் பாதி சிரிங்காவைப் பற்றியே.

உம்பிலோவிலிருந்து ஓர் அம்மா: "எனக்கு அம்மை வார்த்தபோது என் ஆயா சிரிங்கா இலையைத்தான் படுக்கையில் பரப்பினார். இந்த மண்ணில் அதுதான் எங்களுக்கு வேப்பிலை. ஈர்க்கை எண்ணிப் பார்த்து அம்மன் மரமா இல்லையா என்று தீர்மானிக்க நீங்கள் யார்?"

பதில்: அம்மா, நீங்கள் சொல்வது சரி. மரத்தின் பெயரைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, அதன் மதிப்பைச் சொல்ல இல்லை. 1860இல் கப்பலில் வந்து இறங்கியவர்கள் கைக்குக் கிடைத்த மலைவேம்பை வேம்பாக ஏற்றுக்கொண்டு, தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்டு வந்திருக்கிறார்கள். 'விறகாக்கலாம்' என்று நான் ஒரே சொல்லில் முடித்திருக்கக் கூடாது.

மியர்பேங்கிலிருந்து ஒருவர்: "சிரிங்கா ஆக்கிரமிப்பு மரம் என்று அரசே பட்டியல் போட்டிருக்கிறது. நிற்பதையும் சேர்த்து வெட்டச் சொல்லாமல் ஏன் தழைந்து போகிறீர்கள்?"

பதில்: பட்டியலில் இருப்பது உண்மை. புதிதாக நடாதீர்கள், முளைக்கும் கன்றைப் பிடுங்குங்கள் என்றே நானும் சொல்வேன். ஆனால் வெருலத்தில் கேட்டது விழுந்த மரத்தைப் பற்றி. என் யோசனை இது: பூசாரி கற்பூரம் காட்டி விடை கேட்ட பிறகு அறுங்கள். நன்றாகக் காய வைத்து, ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் காய்ச்சும் அடுப்பில் எரியுங்கள். அம்மன் மரம் அம்மன் அடுப்புக்கே போகட்டும். உம்பிலோ அம்மாவும் இதற்குச் சம்மதம் என்று எழுதியிருக்கிறார்.

மறுபடியும் வெருலம்: அப்படியானால் தீமிதிக் குழிக்கு?

பதில்: எந்த மரம் என்பதைக் கோயில் பெரியவர்களிடம் கேளுங்கள்; அவர்கள் வைத்திருக்கும் முறை இருக்கும். நான் சொல்லக்கூடியது விறகைப் பற்றி மட்டும். சிரிங்கா தணலாக நிற்காமல் சாம்பலாகிவிடும். கனமான காய்ந்த கட்டைதான் சீரான தணல் தரும். ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன்: சரக்கு அடுக்கும் பேலட் பலகையோ இடித்த வீட்டு மரமோ ஒரு துண்டும் குழிக்குள் போகக் கூடாது. மரம் எரிந்தாலும் ஆணி எரியாது. விரதமிருந்து வெறுங்காலோடு இறங்கும் பிள்ளையின் பாதத்துக்குக் கீழே அது செக்கச்செவேலென்று காத்திருக்கும். ஒரு வருடம் தணலைப் பரப்பும் முன் நானே காந்தத்தைக் கம்பில் கட்டித் துழாவி நான்கு ஆணி எடுத்திருக்கிறேன்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): ஜோஹானஸ்பர்க்கில் வாங்கிய ரம்பம் அங்கே அருமையாக ஓடியது. இங்கே கொண்டு வந்து இரண்டு டேங்க் ஓட்டியதும் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: இல்லை. ஜோஹானஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிது, அதற்கேற்ப பெட்ரோலைக் குறைத்துத் திருகி வைத்திருப்பார்கள். டர்பனில் காற்று அடர்த்தி. அதே திருகில் ஓட்டினால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. பெட்ரோலோடுதான் எண்ணெயும் வருகிறது. எனவே சூடும் ஏறும், வழுக்கலும் போகும். மலையிறங்கி வந்த ரம்பத்தில் முதல் வேலையாக, முழு வேகத்துக்கான பெட்ரோலை அளக்கும் எச் (H) திருகைக் கால் சுற்று இடப்புறம் திறந்துவிடுங்கள். முழு வேகத்தில் சும்மா ஓடும்போது சற்றுக் கரகரத்து, மரத்தில் வைத்ததும் சத்தம் தெளிந்தால் அளவு சரி. பழைய ரம்பங்களுக்கு நான் 5 லிட்டர் பெட்ரோலுக்கு நல்ல டூ-ஸ்ட்ரோக் ஆயில் 125 மில்லி கலக்கிறேன்.

கேள்வி (ஸ்டாங்கர்): பேலட் பலகையை பிராயிக்கு (தணலில் இறைச்சி வாட்ட) எரிக்கலாமா?

பதில்: முத்திரையைப் பாருங்கள். எச்டி (HT) என்றிருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, எரிக்கலாம். எம்பி (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகையூட்டியது, வேண்டாம். பச்சை பூத்த வேலிக் கம்பத்தில் ஆர்செனிக் இருக்கிறது, ரயில் ஸ்லீப்பரில் கிரியோசோட் என்ற தார் எண்ணெய். இரண்டையும் தொடாதீர்கள். வடக்கே லிம்போபோ போகிறவர்களுக்கு: தம்போட்டி மரத்தின் புகை நஞ்சு. அதில் வாட்டிய இறைச்சி வயிற்றைக் கிழித்துவிடும்.

கேள்வி (கிளேர்வுட்): செயினுக்கு எஞ்சின் ஆயில்...

பதில்: கூடாது. மூன்றாம் முறை.

கேள்வி (அம்சின்டோ): ஆற்றோரம் பட்டுப்போன மில்க்வுட் கிடக்கிறது. எடுக்கலாமா?

பதில்: 1998ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட மரம் அது. உரிமம் இல்லாமல் வெட்டுவதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம். வனத்துறையிடம் கேளுங்கள்.

கேள்வி (ஷால்கிராஸ்): வீட்டுக்குள் விறகடுப்பு வைக்கப் புகைபோக்கி எத்தனை அங்குலம்?

பதில்: அது என் துறை அன்று. புகைபோக்கி பொருத்துபவரிடம் கேளுங்கள்.

கேள்வி (சாட்ஸ்வொர்த், முதலில் கேட்டவர்): அண்ணா, சைலன்சரைக் கழற்றிப் பார்த்தேன். பிஸ்டனில் குறுக்குக் கோடுகள் தெரிகின்றன. ஒரு ஓரத்தில் மட்டும் நகத்தால் தடவினால் உணர முடியாத ஒரு கீறல். டயாபிரம் நீங்கள் சொன்னது போலவே உடைந்து கையோடு வந்துவிட்டது.

பதில்: நகத்துக்குத் தட்டாத கீறல் கெடுதி செய்யாது. பாயின்டைத் துடைத்துவிட்டீர்களா? சனிக்கிழமை காலை ரம்பத்தைக் கழற்றியபடியே எடுத்துக்கொண்டு வாருங்கள், சைலன்சர் திருகுகளை ஒரு டப்பாவில் போட்டு. டயாபிரம் என்னிடம் ஒன்று இருக்கிறது.