திரும்பும்போது காசு கிடையாது

அன்புள்ள ஐயா,

பட்டர்வொர்த்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். அப்பாவை வைத்து ஒரு சிறுகதை எழுதினேன். அவர் தினமும் ஃபெரி ஏறிப் பினாங்குத் தீவுக்குப் போய் ஒரு மளிகை மொத்தக் கடையில் மூட்டை தூக்கியவர். போட்டிக்கு 1,500 சொற்களுக்குள் அனுப்ப வேண்டும். எழுதி முடித்தபோது 2,900. மூன்று இரவு உட்கார்ந்து வெட்டி 1,480க்குக் கொண்டுவந்துவிட்டேன். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "தந்தி மாதிரி இருக்கு. உங்கப்பாவைக் காணோமே" என்கிறார். சுருக்கமாக எழுதச் சொல்லி நீங்கள் ஒரு கூட்டத்தில் பேசியதைக் கேட்டுத்தான் வெட்டினேன். எங்கே தவறு செய்தேன்? இரண்டு வடிவங்களையும் இணைத்திருக்கிறேன்.

க., பட்டர்வொர்த், மலேசியா

அன்புள்ள க.,

அந்தக் கூட்டத்தில் சுருக்கத்தைப் பற்றி நான் முக்கால் மணி நேரம் பேசினேன். அப்போதே நீங்கள் உஷாராகியிருக்க வேண்டும்.

அம்மா சொன்னது சரி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். முதல் வடிவத்தின் தொடக்கம் இது:

"காலைக் கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டிக்கொண்டிருந்த அந்த அழகிய அதிகாலைப் பொழுதில், என்னுடைய அப்பா தன்னுடைய கையால் என்னுடைய கையைப் பிடித்துக்கொண்டு படகுத்துறையை நோக்கி நடந்து சென்று கொண்டிருந்தார். தீவுக்குப் போகும்போது மட்டும்தான் ஃபெரிக்குக் காசு, திரும்பும்போது காசு கிடையாது. போகும்போது அப்பா சில்லறையை எண்ணிக்கொண்டிருப்பார். திரும்பும்போதுதான் என்னைத் தூக்கிக் கடலைக் காட்டுவார். அவர் ஏழ்மையிலும் பாசம் மிக்க மனிதர் என்பதை நான் உணர்ந்தேன்."

வெட்டிய வடிவம்:

"அழகிய அதிகாலையில் அப்பாவுடன் படகுத்துறைக்குச் சென்றேன். அவர் ஏழ்மையிலும் பாசம் மிக்க மனிதர்."

என்ன போயிருக்கிறது, என்ன தங்கியிருக்கிறது பாருங்கள். சில்லறை போய்விட்டது. கடல் போய்விட்டது. 'அழகிய' இருக்கிறது, 'பாசம் மிக்க மனிதர்' இருக்கிறது. சொற்களை எண்ணிக்கொண்டே வெட்டுகிறவர்கள் எல்லோருக்கும் இதுதான் நடக்கிறது. 'பாசம்', 'ஏழ்மை' மாதிரிச் சொற்கள் கனமாகத் தெரிவதால் கை அவற்றைத் தொடப் பயப்படுகிறது. சில்லறை எண்ணுவது சின்ன விஷயமாகத் தெரிகிறது, உடனே கத்தி அங்கே போகிறது. நான் வெட்டியிருந்தால் இப்படி இருக்கும்:

"அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு ஃபெரிக்கு நடந்தார். தீவுக்குப் போகும்போது மட்டும்தான் காசு. போகும்போது சில்லறையை எண்ணிக்கொண்டிருப்பார். திரும்பும்போது என்னைத் தூக்கிக் கடலைக் காட்டுவார்."

ஏழை என்றும் சொல்லவில்லை, பாசம் என்றும் சொல்லவில்லை. படிப்பவருக்கு இரண்டும் தெரிந்துவிடும். பட்டர்வொர்த்தில் மட்டும் கட்டணம் வாங்கிய அந்தப் பழைய ஃபெரி உங்களுக்காகவே ஓடியிருக்கிறது, அதைப் போய் வெட்டுவார்களா?

இன்னொன்றும் கவனியுங்கள். 'நடந்து சென்று கொண்டிருந்தார்' என்பதை 'நடந்தார்' ஆக்கினேன். 'எண்ணிக்கொண்டிருப்பார்' என்பதைத் தொடவில்லை. படகு அக்கரை சேரும்வரை அந்த மனிதர் எண்ணிக்கொண்டே இருக்கிறார், அந்த நீளம் அங்கே வேண்டும். 'கொண்டிருந்தது எல்லாவற்றையும் தூக்கு' என்று யாராவது விதி சொன்னால் கேட்காதீர்கள்.

தமிழில் கொழுப்பு சேரும் இடங்கள் தனி. 'நடந்தேன்' என்றாலே நான்தான். வினைமுற்றே ஆளைச் சொல்லிவிடுகிறது. அப்படியிருந்தும் வரிக்கு வரி 'நான்', 'என்னுடைய', 'தன்னுடைய' என்று போடுகிறோம். ஆங்கிலத்தில் அது இல்லாமல் முடியாது, நமக்கு முடியும். 'அப்பாவும் அம்மாவும்' என்று ஓர் 'உம்' செய்கிற வேலைக்கு 'மற்றும்' என்ற முழுச்சொல்லைக் கூலிக்கு அமர்த்துகிறோம். 'மழையின் காரணத்தினால்' என்கிறோம், 'மழையால்' போதும். 'பயணத்தை மேற்கொண்டார்' என்றால் 'போனார்' என்றுதான் பொருள். 'என்பது குறிப்பிடத்தக்கது' என்று முடியும் வாக்கியத்தில், குறிப்பிட்டாகிவிட்டதே, அப்புறம் என்ன தக்கது? உங்கள் முதல் வடிவத்தில் இது மட்டும் ஏழு முறை வருகிறது. பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மேல் மட்டும் பழி இல்லை. பள்ளியில் நம் எல்லோருக்கும் 'இத்தனை சொற்களுக்குக் குறையாமல் எழுதுக' என்றுதான் கேள்வித்தாள் வந்தது. மிஞ்சாமல் எழுதச் சொல்லி யாரும் கேட்டதில்லை. கதிரவனின் பொற்கரங்கள் அந்தக் கேள்வித்தாளில் முளைத்தவை. நாளை வகுப்பில் நீங்களும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள், வேறு வழியில்லை.

ஆனாலும் இப்படிச் சொல் சொல்லாகக் களையெடுத்தால் நூறு, இருநூறு குறையும். 1,400 குறையாது. அதற்கு ஒரு காட்சியே போக வேண்டும். உங்கள் கதையில் நடுவில் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் தைப்பூசம் வருகிறது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், காவடி தூக்குபவரின் கால் நடுங்கும் இடம் எனக்குப் பிடித்தது. ஆனால் அப்பாவின் கதைக்கும் அதற்கும் தொடர்பில்லை. முழுவதையும் எடுத்து வேறு கோப்பில் வையுங்கள், அது இன்னொரு கதை. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் 'மற்றொன்று விரித்தல்' என்று ஒன்று உண்டு. அதுதான் இது. அதே பட்டியலில் 'மிகைபடக் கூறல்' இரண்டாவது. முதல் குற்றம் என்ன தெரியுமா? 'குன்றக் கூறல்', அதாவது தேவைக்குக் குறைவாகச் சொல்வது. உங்கள் முதல் வடிவம் இரண்டாவது குற்றத்தைச் செய்தது, இரண்டாவது வடிவம் முதல் குற்றத்தைச் செய்தது. அம்மா நன்னூல் படித்தாரோ இல்லையோ, சரியான இடத்தில் பிடித்துவிட்டார்.

பிறகு பினாங்குப் பாலம். 1985இல் திறந்தார்கள், மொத்தம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கடலுக்கு மேல். இதெல்லாம் சரிதான். வெட்டிய வடிவத்திலும் இந்தப் பத்தியை அப்படியே விட்டுவைத்திருக்கிறீர்கள், தகவல் என்பதால். பாலத்தின் நீளம் அப்பாவுக்கு எதற்கு? அவர் அதில் போகவே இல்லையே. "1985இல் பாலம் திறந்த பிறகும் அப்பா ஃபெரியில்தான் போனார்" என்ற உங்கள் ஒரு வரி போதும். அந்த ஆண்டு மட்டும் கதைக்கு உள்ளே இருக்கிறது, மற்ற எண்கள் வெளியே நிற்கின்றன.

ஒரு இடத்தில் மட்டும் எனக்கு வருத்தம். முதல் வடிவத்தில் பாட்டி வாசலில் நின்று "பசியாறியாச்சா?" என்று கேட்கிறார். இரண்டாவதில் அது "காலை உணவு சாப்பிட்டுவிட்டீர்களா?" ஆகியிருக்கிறது. சுருக்கப் போய் ஒரு சொல்லை மூன்றாக்கியிருக்கிறீர்கள்! தமிழ்நாட்டு நடுவர்களுக்குப் புரியாது என்று பயந்திருப்பீர்கள். புரியும். புரியாவிட்டாலும் பாட்டி வாசலில் நிற்பது தெரியும். பேச்சில் அதிகப்படியாகத் தெரிகிற 'ஏன்யா', 'போ போ', 'காப்பி கீப்பி' எதையும் தொடாதீர்கள். அவை ஆளின் குரல். சுருக்க வேண்டியது உங்கள் குரலை, அவர்களுடையதை அல்ல.

என் கதை ஒன்று. முப்பது வருஷம் முன்பு கோலாலம்பூர் நாளிதழ் ஒன்றின் ஞாயிறு பதிப்புக்குச் சிறுகதை அனுப்பினேன். கடைசி இரண்டு பத்திகளில் வாழ்க்கையைப் பற்றி உருக்கமாக நிறைய சொல்லியிருந்தேன். இதழ் வந்தபோது அந்த இரண்டு பத்திகளும் இல்லை, அந்த இடத்தில் ஒரு நினைவஞ்சலி விளம்பரம் இருந்தது. கொதித்துப் போய் ஆசிரியருக்குப் போன் செய்தேன். "கடைசி நேரத்தில் விளம்பரம் வந்துவிட்டது, மன்னியுங்கள்" என்றார். அடுத்த வாரம் மூன்று கடிதங்கள் வந்தன, மூன்றிலும் கதையின் முடிவு அபாரம் என்று எழுதியிருந்தார்கள். யாரோ இறந்துபோய் என் கதையைக் காப்பாற்றினார். இன்றுவரை கதை முடிந்ததும் கடைசிப் பத்தியைக் கையால் மறைத்துவிட்டுப் படித்துப் பார்ப்பது என் வழக்கம். பாதிக்குப் பாதி அது தேவைப்படுவதில்லை. உங்கள் கதையிலும் அப்பா காலியான ஃபெரியில் தனியாக உட்கார்ந்திருக்கும் இடத்தோடு நின்றுவிடலாம் என்று தோன்றுகிறது.

போட்டிக்கு இன்னும் நாள் இருக்கிறதா? இருந்தால் ஒரு வாரம் அதைத் திறக்காதீர்கள். அப்புறம் முதல் வடிவத்தை எடுங்கள், இரண்டாவதை அல்ல, அதில் எடுக்க ஒன்றுமில்லை. தாளில் அச்செடுத்து வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு எங்கே தட்டுகிறதோ, எங்கே உங்களுக்கே அலுப்பாக இருக்கிறதோ, அங்கே பென்சிலால் கோடு போட்டுவிட்டு நிற்காமல் மேலே போங்கள். படிக்கும்போதே திருத்த ஆரம்பித்தால் முதல் பக்கம் மட்டும் பத்து முறை திருந்தும், கடைசிப் பக்கம் அப்படியே கிடக்கும்.

1,700 வந்தால் எனக்கு அனுப்புங்கள், மீதியைச் சேர்ந்து பார்க்கலாம். அதற்கு முன்னால் அம்மாவிடம் இன்னொரு முறை படித்துக் காட்டுங்கள். 'திரும்பும்போது என்னைத் தூக்கிக் கடலைக் காட்டுவார்' என்ற இடத்தில் அவர் நிச்சயம் ஏதாவது சொல்வார். அதைக் கதையில் சேர்த்துவிடாதீர்கள், எனக்கு எழுதுங்கள்.