ரப்பர் ஆசிட்டை எதில் அடைத்து அனுப்புவது?

கேள்வி: ரப்பர் பாலை உறைய வைக்கும் பார்மிக் ஆசிட்டைப் பெரிய கேனில் வாங்கி, காலிக் குளிர்பான பாட்டில்களில் ஊற்றி, அருமனை, பேச்சிப்பாறைப் பக்கத்துச் சிறு விவசாயிகளுக்குப் பஸ்ஸிலோ பார்சல் வண்டியிலோ அனுப்பலாமா?
– கடைக்காரர் ஒருவர், குலசேகரம்.

பதில்: குளிர்பான பாட்டிலில் ஊற்றுவதை இன்றே நிறுத்திவிடுங்கள். பார்ப்பதற்குத் தண்ணீரைப் போலவே இருக்கும் அந்த ஆசிட்டை, பால் வெட்டிவிட்டுத் தாகத்தோடு வரும் தொழிலாளியோ வீட்டுக் குழந்தையோ அறியாமல் குடித்துவிட்டால் தொண்டையும் இரைப்பையும் வெந்துபோகும். பயணிகள் ஏறும் பஸ்ஸில் அனுப்புவதும் கூடவே கூடாது.

அபாயச் சரக்குகளுக்கான ஐ.நா.வின் வகைப்பாட்டில் பார்மிக் ஆசிட், அரிக்கும் பொருட்களுக்குரிய 8-ஆம் வகுப்பைச் சேர்ந்தது. செறிவு 10 முதல் 85 சதவீதம் வரை என்றால் அதன் எண் 3412. அதற்கு மேல் போனால் தீப்பற்றும் தன்மையும் சேர்ந்துகொள்வதால் எண் 1779 ஆகிறது. நீங்கள் வாங்கும் கேனில் '3எச்1/ஒய்' (3H1/Y) என்று தொடங்கும் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 3 என்பது கேன், எச் என்பது பிளாஸ்டிக், 1 என்பது மேற்பகுதி கழற்ற முடியாத அமைப்பு. 'ஒய்' என்றால், கீழே விழச் செய்து பார்ப்பது உள்ளிட்ட சோதனைகளில் தேறி, நடுத்தர அபாயமுள்ள சரக்கு வரை ஏற்கத் தகுதி பெற்றது என்று பொருள். 10 முதல் 85 சதவீத ஆசிட் அந்த நடுத்தர வகைதான். முத்திரையில் உள்ள தயாரிப்பு மாதத்திலிருந்து 5 ஆண்டுகள் கடந்த பிளாஸ்டிக் கேனில் இத்தகைய சரக்கை அனுப்பக் கூடாது.

மூடியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். செறிவு மிகுந்த பார்மிக் ஆசிட், வைத்திருக்கும்போதே மெல்லச் சிதைந்து கார்பன் மோனாக்சைடை வெளியிடும்; வெயிலில் நிற்கும் வண்டியில் இது இன்னும் வேகமாக நடந்து, கேன் உப்பிவிடும். அதனால்தான் காற்று வெளியேறும் மூடியைப் பொருத்துகிறார்கள். கசிவுக்குப் பயந்து அதை மெழுகாலோ டேப்பாலோ அடைப்பது ஆபத்தை நாமே உண்டாக்குவதாகும். கேனை நிமிர்த்தியே வைத்து, சூட்டில் விரிய இடம்விட்டு நிரப்ப வேண்டும்.

சிறு அளவு கேட்பவர்களுக்கு, தயாரிப்பாளரே நிரப்பி மூடிய ஒரு லிட்டர் பாட்டில்களை வாங்கி, உறிஞ்சும் பொருளிட்ட வலுவான அட்டைப்பெட்டியில், எதிரெதிர்ப் பக்கங்களில் மேல்நோக்கிய அம்புக்குறி போட்டு, அபாயச் சரக்கை ஏற்கும் பார்சல் வண்டியில் அனுப்புங்கள். ரப்பர் பாலைக் கெடாமல் வைக்கும் அம்மோனியாவை அதே அடுக்கில் ஏற்றாதீர்கள். ஆசிட்டோடு கலந்தால் கடும் வெப்பம் எழும்.