ரிவர்ப் தடத்துக்கு சென்ட் அனுப்பும்போது குரல் இரட்டிப்பது பற்றி

வணக்கம். ரீப்பர் ஒலிப்பதிவு மென்பொருளில் குரல், செண்டை (மேளம்), இலத்தாளம் (கைத்தாளம்) மூன்றுக்கும் பொதுவாக ஒரு ரிவர்ப் (எதிரொலிப்பு) தடம் அமைத்ததும் குரலின் சத்தம் கூடிவிட்டது என்றும், குரலின் ஃபேடரை (ஒலியளவுக் கட்டுப்பாட்டை) முழுக்க இறக்கிய பிறகும் ரிவர்ப் மட்டும் கேட்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். இவை இரண்டும் வெவ்வேறு தவறுகள்.

ரீப்பரின் ரிவர்ப் கருவியான ரீவெர்பேட்டில் வெட் (ரிவர்ப் ஒலி), டிரை (மூல ஒலி) என இரு ஃபேடர்கள் உண்டு. குரல் தன் தடத்தின் வழியாக ஏற்கெனவே இறுதிக் கலவைத் தடமான மாஸ்டருக்குப் போய்க்கொண்டிருக்கும்போது, ரிவர்ப் தடத்தில் டிரையும் திறந்திருந்தால் அதே குரல் இரண்டாம் முறையும் வந்து சேரும். டிரையை அடிமட்டத்துக்கு இறக்கிவிடுங்கள். அடுத்து, குரல் தடத்தின் ரூட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். சென்ட் (ரிவர்ப் தடத்துக்கு ஒலியை அனுப்பும் இணைப்பு) அநேகமாக ப்ரீ-ஃபேடரில், அதாவது ஃபேடருக்கு முன்பே ஒலியை எடுக்கும் நிலையில், இருக்கும். அதைப் போஸ்ட்-ஃபேடராக மாற்றினால், குரல் இறங்கும்போது ரிவர்ப்பும் கூடவே இறங்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் செங்கோட்டையில் கோயில் மேளத்தைப் பதிவு செய்தபோது நான் அதிகம் தடுமாறிய இடம் இதுதான். செண்டையின் வலந்தலை (வலப்பக்கத் தோல்முகம்) எழுப்பும் கனத்த ஒலி ரிவர்ப்பில் புகுந்தால் பாட்டின் சொற்கள் மூழ்கிவிடும். ஆகவே ரிவர்ப்புக்கு முன்னால் ரீஈக்யூ என்ற ஒலிச் சமன்படுத்தியை வைத்து, சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஹை பாஸ் வடிகட்டி கொண்டு வெட்டுங்கள். செண்டையின் சென்ட் அளவை -20 டெசிபெலில் தொடங்கி, காதால் கேட்டபடியே மெல்ல உயர்த்துங்கள். இலத்தாளத்துக்கு அதைவிடக் குறைவாகவே போதும்.